41 வினாடி 3.3 ஆனது: கம்பைலர் ஃபிளாக்குகளைத் துப்புரவு செய்த பதிவு

மூன்று வாரமாக மாலை நேரங்களில் உட்கார்ந்து பார்த்த ஒரு வேலை நேற்று இரவு முடிந்தது. 41.3 வினாடி எடுத்த கணக்கு இப்போது 3.3 வினாடியில் முடிகிறது. நிரலுக்குள் நான் மாற்றியது எண்ணிப் பார்த்தால் பதினைந்து வரிக்குள்தான் வரும். மற்றதெல்லாம் கம்பைலருக்கு (நிரலை மிஷின் கோடாக மாற்றும் மென்பொருள்) நாம் கொடுக்கும் விருப்பக் குறிப்புகளில், அதாவது ஃபிளாக்குகளில் நடந்தது. எங்கெங்கே வழி தவறினேன் என்பது மறந்துபோவதற்குள் எழுதி வைக்கிறேன்.

வேலை இதுதான். நில உயரத் தரவை வாங்கி ஒவ்வொரு கட்டத்திலும் சரிவு எவ்வளவு என்று கணக்கிடும் ஒரு சி மொழி லைப்ரரி. ஒரு தாள் என்பது 8000 × 8000 கட்டம், அதாவது 6.4 கோடி மதிப்புகள். ஒவ்வொன்றும் 4 பைட் ஃப்ளோட், ஆக ஒரு தாளுக்கு 256 மெகாபைட். ஒவ்வொரு கட்டத்துக்கும் இடம், வலம், மேல், கீழ் என்று நான்கு அண்டைக் கட்டங்களின் உயரத்தை எடுக்க வேண்டும். இரண்டு வித்தியாசங்களை வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சரிவு வந்துவிடும். அளவீடு இல்லாத இடங்களில் நேன், அதாவது 'எண் அல்ல' என்று குறிக்கும் சிறப்பு மதிப்பு இருக்கும். இந்த நேன் பின்னால் ஒரு பெரிய சிக்கலைக் கொண்டுவந்தது.

அளந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். டிஸ்க் நேரம் கலக்காமல் இருக்க ஒரே தாளை மெமரியில் ஏற்றி, கணக்கை அதன் மேல் 40 தடவை ஓட்டினேன். அதையே ஐந்து முறை செய்து நடுவில் வரும் எண்ணைக் குறித்துக்கொண்டேன். செயலியின் வேகம் ஏறி இறங்காதபடி கவர்னரை பெர்ஃபார்மன்ஸ் நிலையில் நிறுத்தினேன். லினக்ஸ், கம்பைலர் ஜிசிசி, அதற்குப் போகும் கட்டளைகளை அமைத்து பில்ட் செய்ய சிமேக், 64 பிட் எக்ஸ்86 செயலி.

முதல் வாரம்: லூப்பைப் போட்டுப் பிசைந்தேன்

சிமேக்கில் பில்ட் வகை ரிலீஸ் என்று இருந்தது. ரிலீஸ் என்றால் ஜிசிசிக்கு ஓ3, அதாவது வேகத்துக்காக நிரலை நன்றாக மெருகேற்றச் சொல்லும் ஃபிளாக் போகும். ஆகவே கம்பைலர் பக்கம் பார்க்க வேண்டியதே இல்லை, குறை என் லூப்பில்தான் என்று முடிவு கட்டினேன். இந்த ஒரு நினைப்பு எனக்கு ஆறு மாலைகளைத் தின்றது.

உயர மதிப்பை எடுக்க ஒரு சின்ன ஃபங்ஷன் இருக்கிறது. அதை இங்கே 'உயரம்_எடு' என்று வைத்துக்கொள்வோம். வரிசை எண், அகலம், நெடுவரிசை எண் மூன்றையும் வைத்து இடத்தைக் கணக்கிட்டு மதிப்பைத் திருப்பித் தரும், ஒரே வரி. லூப்பை நான்கு நான்காக விரித்து எழுதினேன். அடிக்கடி வரும் பெருக்கலை வெளியே எடுத்தேன். தாளைச் சிறு சிறு சதுரங்களாகப் பிரித்து ஓட்டிப் பார்த்தேன். 41.3 வினாடி 40.8 ஆனது. அந்த அரை வினாடியும் அளவீட்டு நடுக்கத்துக்குள் அடங்கிவிடும்.

அடுத்து, அந்த லூப்பை மட்டும் தனிக் கோப்பில் வெட்டி வைத்து, ஓ3 மட்டும் கொடுத்துக் கட்டி ஓட்டினேன். 6 வினாடி சொச்சத்தில் முடிந்துவிட்டது! அங்கேயே நான் நின்று யோசித்திருக்க வேண்டும். அதே லூப், அதே கம்பைலர், அதே தரவு, ஏழு மடங்கு வித்தியாசம். ஆனால் எனக்கு அப்போது தோன்றியது, முழு நிரலில் மெமரி வேறு மாதிரி அமைந்திருக்கும், கேஷ் (செயலிக்குள் இருக்கும் சிறிய வேக நினைவகம்) தவறுகிறது என்பதுதான். இரண்டு மாலை கேஷ் எண்களைப் பார்த்துக்கொண்டே போயிற்று. அவற்றில் ஒரு குறையும் இல்லை.

பிறகு த்ரெட் போட்டேன், அதாவது வேலையை ஒரே நேரத்தில் ஓடும் பங்குகளாகப் பிரித்தேன். நான்கு த்ரெட், ஆளுக்கு 2000 வரிசை. 41 வினாடி 11 ஆகும் என்று எதிர்பார்த்தேன். நான்கு நிமிடம் தாண்டியும் முடியவில்லை, நிறுத்திவிட்டேன். ஒருவர் இடத்தில் இன்னொருவர் எழுதாத ஒரு வேலை, நான்கு பேர் செய்தால் நான்கு மடங்கு வேகம் வராமல் போகலாம். ஆனால் பல மடங்கு மெதுவாகிறது என்றால் நான்கு பேரும் எங்கோ ஒரே இடத்துக்காக அடித்துக்கொள்கிறார்கள் என்று பொருள். அந்த இடம் என் நிரலில் எங்கும் இல்லை. அப்போதுதான் முதன்முறையாக மிஷின் கோடைத் திறந்து பார்த்தேன்.

இரண்டாம் கட்டம்: எண்ணிக்கொண்டே இருந்த எண்ணிகள்

நேரம் எந்தக் கட்டளையில் செலவாகிறது என்று காட்டும் பெர்ஃப் ரெக்கார்டில் ஓட்டி, பெர்ஃப் அனோடேட்டில் 'உயரம்_எடு' பகுதியைத் திறந்தேன். ஒரு பெருக்கல், ஒரு கூட்டல், மெமரியிலிருந்து ஒரு வாசிப்பு, அவ்வளவுதான் இருக்க வேண்டும். அதற்கு மேலே லாக் என்ற முன்னொட்டோடு ஒரு கூட்டல் கட்டளை நின்றது. அதன் இலக்கு, பெயர் ஜிகவ் என்று தொடங்கும் ஒரு மாறி. அந்த ஒரு கட்டளையின் பக்கத்திலேதான் நேரத்தின் பெரும்பங்கு குவிந்து கிடந்தது.

ஜிகவ் என்பது டெஸ்ட் ஓடும்போது நிரலின் எந்தெந்த வரியைத் தொட்டது என்று எண்ணும் கருவி. கம்பைலருக்குக் கவரேஜ் என்ற ஃபிளாக் கொடுத்தால், ஒவ்வொரு கிளைக்கும் ஓர் எண்ணியை அது நுழைத்துவிடும். ஒரு கட்டத்துக்கு நான்கு தடவை 'உயரம்_எடு' போகிறது. ஒவ்வொரு தடவையும் மெமரியில் இருக்கும் அதே எண்ணியைக் கூட்ட வேண்டும். முந்தைய கூட்டல் முடிந்தால்தான் அடுத்தது நடக்கும். நான் பிசைந்த லூப் எதுவும் ஏன் அசையவில்லை என்பது இங்கே விளங்கியது.

த்ரெட் கதையும் இதே இடத்தில் அவிழ்ந்தது. வழக்கமாக இந்த எண்ணிகள் சாதாரணக் கூட்டல்தான். ஆனால் கட்டளை வரியில் த்ரெட்டுக்கான பித்ரெட் ஃபிளாக்கைக் கண்டால் ஜிசிசி தானாகவே அவற்றை அணுக் கூட்டலாக, அதாவது நடுவில் வேறு த்ரெட் குறுக்கிட முடியாத கூட்டலாக மாற்றிக்கொள்ளும்; அந்த லாக் முன்னொட்டு அதுதான். எண்ணிக்கை தவறக் கூடாது என்பதற்காக. நான்கு கோர்களும் ஒரே கேஷ் வரியை மாறி மாறிப் பிடுங்கிக்கொண்டிருந்தன.

கவரேஜ் எப்படி உள்ளே வந்தது? பல மாதம் முன்பு டெஸ்ட் எவ்வளவு தூரம் தொடுகிறது என்று பார்க்க, டெர்மினலில் சிஃபிளாக்ஸ் என்ற சூழல் மாறியில் கவரேஜ் போட்டு இந்த பில்ட் ஃபோல்டரை உருவாக்கியிருந்தேன். சிமேக் அந்த மாறியை ஃபோல்டரை முதல் தடவை அமைக்கும்போது மட்டும் படிக்கும், படித்ததைத் தன் கேஷ் கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். அதன் பிறகு டெர்மினலில் அந்த மாறியை அழித்தாலும், பில்ட் வகையை ரிலீஸ் என்று மாற்றினாலும், பழைய ஃபிளாக் அங்கேயே இருக்கும். ரிலீஸின் ஓ3 அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். இரண்டும் சேர்ந்துதான் கம்பைலருக்குப் போயிற்று.

தடயம் கண்ணெதிரேயே இருந்தது. பில்ட் ஃபோல்டரில் ஜிசிடிஏ என்று முடியும் கோப்புகள் கிடந்தன. பழைய குப்பை என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தேன். அன்று தேதியைப் பார்த்தேன்: ஒவ்வொரு ஓட்டம் முடியும்போதும் அவை புதிதாக எழுதப்பட்டு வந்திருக்கின்றன.

ஃபோல்டரை அழித்துப் புதிதாக அமைத்தேன். 26.1 வினாடி. லூப்பில் செய்த விரிப்பு, பிரிப்பு எல்லாவற்றையும் திரும்ப எடுத்துவிட்டு முதலில் இருந்த எளிய வடிவத்துக்கே வந்தேன். அதே 26.1.

மூன்றாம் கட்டம்: ஒரே கோப்பில் இருந்தும் இன்லைன் ஆகாத ஃபங்ஷன்

தனிக் கோப்பில் 6 வினாடி, லைப்ரரியில் 26. இன்னும் ஏதோ இருக்கிறது. மிஷின் கோடைக் காட்டும் ஆப்ஜ்டம்ப்பில் லூப்பைத் திறந்தேன். நான்கு கால் கட்டளைகள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றும் வெளி ஃபங்ஷன் அழைப்புகளுக்கான அட்டவணையான பிஎல்டி வழியாக. ஒரே வரி ஃபங்ஷன், அழைக்கும் இடமும் அதே கோப்பு, ஓ3, இருந்தும் ஜிசிசி அதன் உடலை அழைக்கும் இடத்துக்குள் கொண்டுவரவில்லை, அதாவது இன்லைன் செய்யவில்லை.

இங்கே அரை மணி நேரம் இன்லைன் அளவு வரம்புகளைக் கூட்டிப் பார்த்து வீணாக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் அதே கோப்பை கிளாங் என்ற வேறொரு கம்பைலரில் கட்டினேன். நேரம் 8 வினாடிக்குள் வந்துவிட்டது. இரண்டு கம்பைலர்களுக்கு இடையே இவ்வளவு இடைவெளி இருந்தால், ஒன்று கடைப்பிடிக்கும் ஏதோ விதியை மற்றது கடைப்பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

அந்த விதி இதுதான். லினக்ஸில் ஷேர்டு லைப்ரரிக்காக (நிரல்கள் ஓடும்போது ஏற்றிக்கொள்ளும் லைப்ரரி) எஃப்-பிக் ஃபிளாக் போட்டுக் கட்டும்போது, வெளியே தெரியும் எந்த ஃபங்ஷனையும் வேறொரு லைப்ரரி ஏற்றும் நேரத்தில் தன் ஃபங்ஷனால் மாற்றிக்கொள்ளலாம். எல்டி-ப்ரீலோட் என்ற சூழல் மாறி செய்வது இதைத்தான். ஜிசிசி இந்த உரிமையை மதிக்கிறது. நாளைக்கு யாராவது 'உயரம்_எடு' என்ற பெயரில் வேறொன்றைக் கொண்டுவந்தால் அதுவே ஓட வேண்டும். ஆகவே இப்போது கண்ணுக்குத் தெரியும் உடலை உள்ளே எடுக்கக் கூடாது. கிளாங் இந்த விஷயத்தில் அவ்வளவு கண்டிப்பு காட்டுவதில்லை, இன்லைன் செய்துவிடும். என் தனிக் கோப்புச் சோதனை சாதாரண நிரலாகக் கட்டப்பட்டது, லைப்ரரி அல்ல. அங்கே இந்தக் கேள்வியே எழவில்லை.

இது ஏதோ என் சிறு லைப்ரரிக்கு மட்டும் வந்த சிக்கல் என்று நினைக்க வேண்டாம். பைத்தானுக்கே இது இருந்தது. 2021-இல் வந்த பைத்தான் 3.10-இல், ஷேர்டு லைப்ரரியாக ஆப்டிமைசேஷனோடு கட்டும்போது இந்த உரிமையைக் கைவிடும் நோ-செமாண்டிக்-இன்டர்பொசிஷன் என்ற ஃபிளாக்கைச் சேர்த்தார்கள். அதனால் இன்டர்பிரட்டர் 30 சதவீதம் வரை வேகமாகலாம் என்று வெளியீட்டுக் குறிப்பிலேயே எழுதினார்கள்.

எனக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, அதே ஃபிளாக்கைப் போடுவது. இன்னொன்று, விசிபிலிட்டியை ஹிடன் என்று வைத்து, வெளியே தெரிய வேண்டிய ஃபங்ஷன்களை மட்டும் பெயர் சொல்லித் திறந்துவிடுவது. இரண்டாவதைத் தேர்ந்தேன். மொத்தம் 63 ஃபங்ஷன் வெளியே தெரிந்துகொண்டிருந்தது. உண்மையில் தேவை ஐந்துதான். எது வெளியாருக்கு, எது உள்வேலைக்கு என்பது தலைப்புக் கோப்பிலேயே தெளிவாகிவிட்டது, அதுவே எனக்குப் பெரிய லாபமாகப் பட்டது.

இதற்கும் ஒரு விலை இருந்தது. உடனே டெஸ்ட் நிரல் லிங்க் ஆகவில்லை. 'உயரம்_எடு' அதற்குத் தெரியவில்லை. டெஸ்ட்டுக்கென்று அதே கோப்புகளை ஸ்டாட்டிக் லைப்ரரியாக ஒரு தடவை கட்டும்படி சிமேக்கில் ஒரு டார்கெட் சேர்த்தேன். ஒரு மணி நேர வேலை. லூப் இப்போது 7.4 வினாடி.

நான்காம் கட்டம்: ஒன்றின் பின்னால் ஒன்று நின்ற இரண்டு தடைகள்

மிகவும் குழம்பியது இங்கேதான். 7.4 வினாடியில் லூப் இன்னும் ஒரு நேரத்தில் ஒரு கட்டம் என்றே போகிறது. வர்க்கமூலக் கட்டளையைப் பார்த்தால் தெரியும்: எஸ்க்யூஆர்டி-எஸ்எஸ் என்று இருந்தால் ஒரு மதிப்பு, எஸ்க்யூஆர்டி-பிஎஸ் என்று இருந்தால் ஒரே தடவையில் நான்கு. எனக்கு இருந்தது எஸ்எஸ். அதன் முன்னால் பூஜ்யத்தோடு ஓர் ஒப்பீடு, ஒரு தாவல், தாவினால் நூலகத்தின் வர்க்கமூல ஃபங்ஷனுக்கு ஓர் அழைப்பு.

அந்த ஒப்பீடு எர்ர்நோவுக்காக. எதிர் எண்ணுக்கு வர்க்கமூலம் கேட்டால் நூலகம் எர்ர்நோ என்ற மாறியில் பிழை எண்ணை எழுத வேண்டும். லினக்ஸில் ஜிசிசி இயல்பாகவே இதைக் காப்பாற்றுகிறது. எர்ர்நோவில் எழுதக்கூடும் என்றால் அது மெமரியைத் தொடும் அழைப்பு. அப்படி ஒன்று நடுவில் இருந்தால் லூப்பை நான்கு நான்காக மாற்ற முடியாது. மேக் இயங்குதளத்தில் கணித நூலகம் எர்ர்நோவைத் தொடுவதே இல்லை, அதனால் அங்கே இந்தக் காப்பு இயல்பிலேயே அணைந்திருக்கும். என் நிரலில் இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகைக்குத்தான் மூலம் எடுக்கிறேன், எதிர் எண் வர வழியில்லை. எர்ர்நோவை நான் எங்கும் படிப்பதும் இல்லை.

இந்தக் காப்பை அணைக்கும் நோ-மேத்-எர்ர்நோ போட்டேன். ஒப்பீடு போயிற்று, தாவல் போயிற்று, ஆனால் கட்டளை இன்னும் எஸ்எஸ். 7.1 வினாடி. இவ்வளவுதானா என்று ஃபிளாக்கை எடுத்துவிட்டேன். சரியான மருந்தைத் தூக்கிப் போட்ட இடம் இது.

ஆப்ட்-இன்ஃபோ-வெக்-மிஸ்டு என்று ஒரு ஃபிளாக் உண்டு. எந்த லூப்பை ஏன் வெக்டரைஸ் செய்யவில்லை, அதாவது பல மதிப்புகளை ஒரே கட்டளையில் கணக்கிடும்படி மாற்றவில்லை என்று ஜிசிசி வரி எண்ணோடு சொல்லும். வெளியீடு நீளம், படிக்கப் பொறுமை வேண்டும். என் லூப்புக்கு அது வாசிக்கும் முகவரிகளைப் பற்றியே குறை சொன்னது. அடுத்தடுத்த சுற்றில் முகவரி ஒரே சீராக நகரும் என்று உறுதி செய்ய முடியவில்லையாம். வரிசை எண்ணை அகலத்தால் பெருக்கி நெடுவரிசை எண்ணைக் கூட்டுகிறேன், இதில் சீராக இல்லாமல் என்ன இருக்கிறது என்று திகைத்தேன்.

கட்டளை வரியை முழுசாக ஒரு தடவை படித்தபோது எஃப்-ராப்-வி கண்ணில் பட்டது. இதையும் நான்தான் போட்டேன். லைப்ரரியில் ஒரு பழைய சரிபார்ப்பு எண் ஃபங்ஷன் இருக்கிறது. இன்ட் (முழு எண்) மதிப்பு வரம்பு தாண்டினால் சுற்றி எதிர்ப்பக்கம் வரும் என்று நம்பி எழுதியது. சி மொழி அப்படி உறுதி தருவதில்லை. அதைத் திருத்தாமல், சுற்றி வருவதை உறுதி செய்யும் இந்த ஃபிளாக்கை முழுப் புராஜெக்டுக்கும் போட்டிருந்தேன். விளைவு, 2147483647-க்கு அடுத்தது −2147483648 ஆகலாம் என்பதைக் கம்பைலர் எல்லா இடத்திலும் மனதில் வைக்க வேண்டும். 32 பிட் எண்ணில் கணக்கிட்ட இடம் லூப்பின் நடுவில் திடீரென்று பின்னால் தாவலாம். தாவாது என்பது எனக்குத் தெரியும், 6.4 கோடி எங்கே, 214 கோடி எங்கே. கம்பைலருக்கு அகலம் தெரியாது.

முதலில் இன்ட்டை அன்சைன்டு இன்ட் ஆக்கினேன். பயனில்லை, அன்சைன்டு எண் எந்த ஃபிளாக்கும் இல்லாமலே சுற்றி வரும், சிக்கல் அதேதான். பிறகு 64 பிட் பிடிஆர்டிஃப்-டி ஆக்கினேன். நான்கு வரி மாற்றம். 7.0 வினாடி.

மறுபடியும் அசையவில்லை. ஏனென்றால் எர்ர்நோ காப்பை நான் திரும்பக் கொண்டுவந்திருந்தேன். ஒரு தடையை எடுத்தபோது இன்னொன்று நின்றது, அதை எடுத்தபோது முதலாவது திரும்பி வந்திருந்தது. ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியாக அளப்பது நல்ல பழக்கம்தான், நானும் அப்படித்தான் செய்து வந்தேன். இங்கே அதே பழக்கம் சரியான இரண்டு மாற்றங்களையும் உபயோகமற்றவை என்று காட்டியது.

ஃபாஸ்ட்-மேத் என்ற குறுக்கு வழி

பொறுமை இழந்து, வேகத்துக்காகக் கணித விதிகளைத் தளர்த்தும் ஃபாஸ்ட்-மேத் போட்டேன். 3.2 வினாடி. எஸ்க்யூஆர்டி இருந்த இடத்தில் வேறு கட்டளைகள், எல்லாம் நான்கு நான்காக. அன்று இரவு வேலை முடிந்தது என்றே படுத்தேன்.

மறுநாள் டெஸ்ட் ஓட்டினேன். சோதனைத் தாளில் அளவீடு இல்லாத கட்டங்கள் 18,204 இருக்க வேண்டும். எண்ணிக்கை 0 என்று வந்தது. தாளின் நடுவில் ஏரி இருந்த ஓட்டை அப்படியே இருக்கிறது, மதிப்புகளை நேரே அச்சிட்டால் நேன் என்றே வருகிறது, ஆனால் 'இது நேன்தானா' என்று கேட்கும் வரி மட்டும் இல்லை என்கிறது. ஃபாஸ்ட்-மேத்துக்குள் ஃபைனைட்-மேத்-ஒன்லி என்று ஒன்று அடங்கியிருக்கிறது. நேன், முடிவிலி இரண்டும் இந்த நிரலில் வரவே வராது என்று நான் கம்பைலருக்கு எழுதிக் கொடுத்ததற்குச் சமம் அது. வராத ஒன்றை எதற்குச் சோதிப்பது என்று அந்தச் சோதனையையே அது நீக்கிவிட்டது. கம்பைலர் மேல் தவறே இல்லை.

இன்னும் இரண்டு விஷயம் அன்று தெரிந்தது. சரிவு மதிப்புகள் கடைசி இலக்கங்களில் மாறியிருந்தன. ஃபாஸ்ட்-மேத் இருந்தால் ஜிசிசி வெக்டர் வர்க்கமூலத்தை நேராக எடுக்காமல், தலைகீழ் மூலத்தின் தோராய மதிப்பை எடுத்து நியூட்டன் முறையில் ஒரு படி திருத்திக்கொள்கிறது. அடுத்தது லிங்க் செய்யும்போது நடப்பது. ஃபாஸ்ட்-மேத்தோடு லிங்க் செய்தால், மிகச் சிறிய டீநார்மல் எண்களைப் பூஜ்யமாக்கும்படி செயலியின் நிலையை மாற்றும் ஒரு சிறு கோப்பும் சேர்ந்துவிடும். ஜிசிசி 13-க்கு முன்பு ஷேர்டு லைப்ரரியிலும் இது சேர்ந்தது. அதாவது என் லைப்ரரியை ஏற்றும் எந்த நிரலின் கணக்கும் மாறும், அந்த நிரலை எழுதியவருக்குத் தெரியாமலே. அடுத்தவர் வீட்டுக் கணக்கைத் தொடும் ஃபிளாக் ஒரு லைப்ரரியில் இருக்கவே கூடாது என்பது என் திடமான கருத்து.

ஃபாஸ்ட்-மேத்துக்குள் என்னென்ன இருக்கிறது என்று ஜிசிசி கையேட்டில் படித்தபோது நோ-மேத்-எர்ர்நோவும் அந்தப் பட்டியலில் இருந்தது. எனக்கு வேகம் தந்தது அந்த ஒன்றுதான். ஃபாஸ்ட்-மேத்தை எடுத்துவிட்டு அதை மட்டும் போட்டேன், 64 பிட் எண் மாற்றம் ஏற்கனவே உள்ளே இருக்கிறது. 3.3 வினாடி. எஸ்க்யூஆர்டி-பிஎஸ். காணாத கட்டங்கள் 18,204. சரிவு மதிப்புகள் ஒரு பிட் மாறாமல் பழையபடி.

எஃப்-ராப்-வியை முழுப் புராஜெக்டிலிருந்து எடுத்து, அந்தச் சரிபார்ப்பு எண் கோப்புக்கு மட்டும் வைத்தேன். அந்த ஃபிளாக்கே கெட்டது என்று சொல்ல மாட்டேன். லினக்ஸ் கெர்னலே இப்படிப்பட்ட கம்பைலர் ஊகங்களைத் தெரிந்தேதான் அணைத்து வைத்துக் கட்டப்படுகிறது. அங்கே அதற்குக் காரணம் இருக்கிறது. என் லூப்புக்கு இல்லை.

ஐந்தாம் கட்டம்: பேக்கேஜ் ஆனதும் திரும்பிப் போன நேரம்

பேக்கேஜ் கட்டும் ஸ்கிரிப்டில் ஓட்டினால் 7 வினாடி. அங்கே ஓ3-க்கு ஒரு படி கீழான ஓ2. ஜிசிசி 12-க்கு முன்பு ஓ2-வில் வெக்டரைசேஷனே கிடையாது. 12-இல் வந்தது, ஆனால் மிகச் சிக்கனமான கணக்கில்: வெக்டர் கோடு பழைய கோடின் இடத்தை முழுசாகப் பிடிக்கும் என்று உறுதியானால்தான் செய்யும். என் லூப்பின் சுற்று எண்ணிக்கை கட்டும்போது தெரியாது, மீதிக் கட்டங்களுக்குத் தனி வால் வேண்டும், அதனால் அது ஒதுக்கிவிட்டது. சரிவுக் கோப்புக்கு மட்டும் சிமேக்கில் ஓ3 போட்டேன். ஒரே கட்டளை வரியில் பல ஓ இருந்தால் கடைசியில் வருவதுதான் செல்லும், கோப்புக்கென்று கொடுப்பது கடைசியில்தான் போய்ச் சேர்கிறது. 3.3 திரும்பி வந்தது.

இந்தச் செயலிக்கென்றே கட்டச் சொல்லும் மார்ச்-நேட்டிவ் ஃபிளாக் போட்டும் பார்த்தேன், 3.1. பெருக்கலையும் கூட்டலையும் ஒன்றாகச் செய்யும் எஃப்எம்ஏ கட்டளை வந்ததால் விடைகள் கடைசி பிட்டில் மாறின, பழைய செயலியில் நிரல் ஓடவும் ஓடாது. 0.2 வினாடிக்கு இது வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இன்னொரு தடவை செய்வதானால்

வேகம் பற்றிய எந்த வேலைக்கும் முன்னால், அந்தக் கோப்புக்குப் போய்ச் சேரும் கட்டளை வரியை முழுசாகப் படிப்பேன். சிமேக்கில் கம்பைல்-கமாண்ட்ஸ் கோப்பை எழுதச் சொன்னால் அதில் எல்லாம் இருக்கும். கட்டி முடித்த கோப்பிலிருந்து பார்க்க வேண்டுமானால், ரெக்கார்டு-ஜிசிசி-ஸ்விட்சஸ் ஃபிளாக்கோடு கட்டிவிட்டு ரீட்எல்ஃபில் படிக்கலாம். எனக்கு இரண்டும் பத்து நிமிட வேலை.

கவரேஜுக்கு, டீபக்குக்கு, ரிலீஸுக்குத் தனித்தனி பில்ட் ஃபோல்டர் வைத்துவிட்டேன். கூடவே ஒரு சிறு ஸ்கிரிப்ட், 20 வரி. லைப்ரரியில் ஜிகவ் என்று தொடங்கும் பெயர் இருக்கிறதா, வெளியே தெரியும் ஃபங்ஷன் ஐந்துக்கு மேல் போகிறதா, சரிவு லூப்பில் எஸ்க்யூஆர்டி-பிஎஸ் இருக்கிறதா என்று மூன்றும் பார்க்கும். ஒன்று தவறினாலும் பில்ட் நிற்கும்.

சராசரிச் சரிவைக் கூட்டும் லூப் மட்டும் இன்னும் ஒவ்வொன்றாகவே போகிறது. கூட்டும் வரிசையை மாற்றினால் விடை மாறும், ஆகவே என் அனுமதி இல்லாமல் கம்பைலர் தொடாது. தொடக் கூடாது என்றே நானும் விட்டிருக்கிறேன். எட்டு தனித் தொகைகளாகக் கையாலேயே பிரித்து எழுதினால் வரிசை என் பிடியில் இருக்கும். அதை அடுத்த வாரம் பார்க்க வேண்டும்.

கடைசியாக, முதல் வாரத்தில் கைவிட்ட த்ரெட் கிளையைத் தேடி எடுத்து இதன் மேல் ஏற்றினேன். ஒரு வரியும் மாற்றவில்லை. நான்கு நிமிடம் தாண்டியும் முடியாமல் இருந்த அதே நான்கு த்ரெட் இப்போது 1.8 வினாடியில் முடிந்தது. எட்டு த்ரெட் போட்டாலும் அதே 1.8; மெமரி அதற்கு மேல் வேகமாகத் தரவைத் தர மறுக்கிறது. நான்கோடு நிறுத்திக்கொண்டேன்.